போனில் தமிழ் அடிக்கும்போது எழுத்து மாறி விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"என் விரல் தடிமன், அதான் தப்புத் தப்பா விழுது" என்று சொல்லிப் பலர் இந்தத் தொல்லையோடே காலம் தள்ளுகிறார்கள். விரலைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் தொடுவதற்கும் எழுத்து வந்து உட்காருவதற்கும் இடையில் மூன்று வேலை நடக்கிறது. கண்ணாடி நம் தொடுகையை உணர வேண்டும். உணர்ந்த இடம் எந்த விசையைச் சேர்ந்தது என்று கீபோர்டு முடிவு செய்ய வேண்டும். அப்புறம் ஸ்பேஸ் தட்டியதும், சொல்லைத் திருத்தும் மென்பொருள் தன் பங்குக்கு உள்ளே கை வைக்கும். கோளாறு இந்த மூன்றில் எதில் என்று தெரியாமல் செட்டிங்ஸைக் கண்டபடி மாற்றினால், ஒழுங்காக இருந்ததும் கெட்டுப்போகும்.

முதல் சோதனை: குமிழ்

விசையைத் தொட்டதும் அதன் தலைக்கு மேல் அந்த எழுத்து பெரிதாக ஒரு குமிழில் தோன்றுமே, அதுதான் நமக்கு உளவாளி. அது அணைந்திருந்தால் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டில் செட்டிங்ஸ், பிரிஃபரன்ஸஸ் போய் 'பாப்அப் ஆன் கீபிரஸ்'. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு போய் 'கேரக்டர் பிரிவியூ'. பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைப் போட்டால் கிடைத்துவிடும்.

இப்போது குறிப்பெழுதும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சோதிக்க வேண்டாம். பாதி வாக்கியம் யாருக்காவது போய்ச் சேர்ந்துவிடும். 'பள்ளிக்குப் போன பையன் மழையில் நனைந்து வந்தான்' என்று வழக்கமான வேகத்தில் அடியுங்கள். கண் வாக்கியத்தின் மேல் இருக்கக் கூடாது, குமிழின் மேல் இருக்க வேண்டும்.

தொட்டும் குமிழே வரவில்லை என்றால் கண்ணாடிப் பக்கம் பிரச்சினை. குமிழ் வருகிறது, ஆனால் பக்கத்து எழுத்தைக் காட்டுகிறது என்றால் குறி தவறுகிறது. குமிழில் எல்லாம் சரியாக வந்து, ஸ்பேஸ் தட்டியதும் சொல் மாறினால் திருத்தும் மென்பொருளின் வேலை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்குப் போகலாம்.

தொட்டும் எழுத்து விழவில்லை

இன்றைய திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் தோலில் உள்ள மின்தன்மையை உணர்கின்றன. அதனால் இன்னும் ஓங்கிக் குத்துவதில் பயனில்லை. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் திரை குழம்பும். நேர்மாறாக, தோல் மிகவும் வறண்டிருந்தாலும் உணர்வு குறையும். வயதானவர்களுக்கும், நாள் முழுக்கச் சிமென்ட், சோப்புத் தண்ணீர் என்று கை வைப்பவர்களுக்கும் 'போன் என்னை மதிக்கவே மாட்டேங்குது' என்ற புலம்பல் இருப்பதற்கு இது ஒரு காரணம். கையைத் துடைத்துவிட்டு லேசாக ஈரப்பதம் வருகிற மாதிரி கிரீம் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்த சந்தேகம் டெம்பர்டு கிளாஸ் மீது. மலிவாக வாங்கி ஒட்டியதில் ஓரங்களில் காற்று புகுந்து இடைவெளி விழுந்திருக்கும். கீபோர்டின் இரு ஓர வரிசைகள் மட்டும் மக்கர் செய்தால் பெரும்பாலும் இதுதான். சாம்சங் போன்களில் டிஸ்பிளே பகுதியில் 'டச் சென்சிடிவிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, கண்ணாடி ஒட்டியவர்களுக்காகவே வைத்தது. அதைப் போட்டும் சரியாகாவிட்டால் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

திரையிலேயே செத்த இடம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டில் நாமே பார்த்துக்கொள்ளலாம். 'அபவுட் போன்' உள்ளே பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சாம்சங்கில் அது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே இருக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதைப் போடுங்கள். இப்போது தொடும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு தெரியும், விரலை இழுத்தால் தடம் விழும். கீபோர்டு திறந்திருக்கும்போதே ஒரு வரிசையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாக விரலை இழுங்கள். தடம் ஓரிடத்தில் அறுந்து, மறுபடி அதே இடத்திலேயே அறுந்தால், அங்கே திரை உணரவில்லை. எந்தக் கீபோர்டு செயலியை மாற்றினாலும் அது போகாது. டிஸ்பிளே மாற்றத்தான் வேண்டும். கடைக்காரர் 'சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்' என்று சொன்னால் இந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

இதே திரையின் மேல் ஓரத்தில் எத்தனை விரல் தொடுகிறது என்ற எண்ணும் ஓடும். நீங்கள் தொடாதபோதே அந்த எண் பூஜ்யத்திலிருந்து ஏறினால் பேய்த் தொடுகை என்று அர்த்தம். உடனே பயப்பட வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். தரமற்ற சார்ஜர்கள் மின்னிரைச்சலைத் திரைக்குள் அனுப்பும், எழுத்து தானாக விழும், திரை தானாகத் தாவும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் இப்படி என்றால் போனுக்கு ஒன்றும் இல்லை, சார்ஜரையும் கேபிளையும் மாற்றினால் போதும்.

சோதனை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும்.

பக்கத்து எழுத்து விழுகிறது

பெரும்பாலோர் இங்கேதான் வந்து நிற்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். போனின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். ஒரு வரிசையில் பத்து விசை என்றால் ஒன்றுக்கு 7 மில்லிமீட்டர்தான். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம், அதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ என்று கிரந்தமும் வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குப் போதுமாயிருந்த அதே இடத்தில் இவ்வளவையும் திணிக்கிறார்கள். செயலிகளில் ஒரு பொத்தான் குறைந்தது 48 அலகு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டின் சொந்த அறிவுரை. கீபோர்டில் மட்டும் யாரும் அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை.

இன்னொன்றும் சேர்கிறது. நாம் குறி வைப்பது நகத்தின் முனையை வைத்து. திரை எடுத்துக்கொள்வது சதை பதியும் பகுதியின் நடுவை. அது நாம் நினைத்த இடத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கும். அதனால்தான் மேல் வரிசையைத் தொட்டால் நடு வரிசை எழுத்து விழுகிறது. மேலே சொன்ன பாயின்டர் லொகேஷனைப் போட்டுக்கொண்டு ஒரே விசையைச் சில முறை தொட்டுப் பாருங்கள். குறுக்குக்கோடு எப்போதும் ஒரே பக்கமாக விலகுவது கண்ணுக்கே தெரியும். கீழே விலகினால் விசையின் மேல் பாதியைக் குறி வையுங்கள். வலது கட்டைவிரலால் மட்டும் அடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டிலும் விலகும்.

கீபோர்டைப் பெரிதாக்குவதுதான் மலிவான மருந்து. ஜிபோர்டின் பிரிஃபரன்ஸஸில் 'கீபோர்டு ஹைட்' இருக்கிறது. ஒரு படி உயர்த்தினாலே மேல் கீழ்த் தவறு வெகுவாகக் குறையும். திரை பாதி போய்விடுகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அடிக்கும் நேரத்தில் அடிப்பதுதானே வேலை? ஐபோனில் உயரத்தை மாற்ற வழி இல்லை. நீளமாக எழுத வேண்டியிருந்தால் போனைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளலாம். பெரிய போனை ஒரே கையால் பிடிப்பவர்கள் 'ஒன் ஹேண்டட் மோட்' போட்டால் கீபோர்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆனால் விசைகள் இன்னும் சுருங்கும் என்பதால், கட்டைவிரல் எட்டவில்லை என்பவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

இதற்கெல்லாம் மேல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விசைகளின் எல்லை கண்ணுக்குத் தெரிகிறபடி நிலையாக இல்லை. 2007இல் வந்த முதல் ஐபோனிலிருந்தே, அடுத்து எந்த எழுத்து வரும் என்று கணித்து, அந்த விசையின் தொடுபரப்பை மறைவாகப் பெரிதாக்குவது வழக்கம். படம் மாறாது, எல்லை மட்டும் மாறும். பழக்கமான சொல்லுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஆங்கிலக் கீபோர்டை வைத்துக்கொண்டு தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு இதுவே எதிரி. மென்பொருள் ஆங்கிலச் சொல்லை எதிர்பார்த்து எல்லையை விரிக்கிறது, நீங்களோ 'வந்துட்டேன்' என்று அடிக்கிறீர்கள். குமிழ் தவறுவதற்கு உங்கள் விரல் காரணமே இல்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, ஜிபோர்டு கொடுக்கும் 'ஏபிசி → தமிழ்' அமைப்பைத் தேர்ந்தால் இந்த இழுபறி நிற்கும். எழுதி முடித்ததும் தமிழ் எழுத்திலேயே வந்து நிற்பது கூடுதல் லாபம்.

ஒரு எழுத்து இரண்டாக விழுகிறது, அல்லது வேறு குறி வருகிறது

கை நடுக்கத்தாலோ விரல் துள்ளுவதாலோ ஒரு தொடுகை இரண்டாகப் பதிவாகலாம். ஆங்கிலத்தில் அது ஓர் எழுத்து கூடுவதோடு போய்விடும், பார்த்ததும் தெரியும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் கதை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஐபோனிலும் உண்டு. அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ப, ட, ம, புள்ளி என்று அடித்தால் 'படம்'. ட இரண்டாகப் பதிந்தால் 'பட்டம்'. 'குடி' என்பது 'குட்டி' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொல் என்பதால் எந்த எழுத்துப்பிழைத் திருத்தியும் சிவப்புக்கோடு போடாது. 'நேத்து எடுத்த பட்டம் அனுப்பு' என்று போய்ச் சேரும்.

ஐபோனில் அக்செசிபிலிட்டி, டச், 'டச் அக்காமடேஷன்ஸ்' போய் 'இக்னோர் ரிபீட்' போடுங்கள். சாம்சங்கிலும் அக்செசிபிலிட்டி உள்ளே 'இக்னோர் ரிபீட்டட் டச்சஸ்' உண்டு. ஆனால் நேரத்தை அதிகமாக வைத்தால், நீங்கள் வேண்டுமென்றே 'ட்ட' என்று அடிப்பதையும் அது விழுங்கிவிடும். ஆகச் சின்ன அளவில் தொடங்கி, 'பட்டம்' ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டுங்கள்.

தானாக விழும் புள்ளி வேண்டாத இடமும் உண்டு. 'தத்துவம்' அடிக்கும்போது மூன்று த தொடர்ச்சியாகத் தட்டினால் முதல் த-வே புள்ளி வாங்கிக்கொள்ளும். முதல் த-வுக்குப் பின் அ தட்டிவிட்டு, அப்புறம் மற்ற இரண்டையும் தட்ட வேண்டும். 'மமதை'க்கும் இதே வழிதான். இதைக் கோளாறு என்று நினைத்துத் தமிழ்99ஐயே கைவிட்டவர்கள் உண்டு. அது அமைப்பின் விதி. பழகினால் புள்ளிக்காகப் போகும் தட்டுகள் நிறைய மிச்சமாகும்.

எழுத்துக்குப் பதில் எண்ணோ வேறு குறியோ வந்தால், விரலை அதிக நேரம் வைத்திருக்கிறீர்கள். ஜிபோர்டின் பிரிஃபரன்ஸஸில் 'கீ லாங் பிரஸ் டிலே' என்று ஒரு கோடு இருக்கும். வலப்பக்கம் தள்ளினால் போதும். வீட்டுப் பெரியவர்களின் போனில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். அக்செசிபிலிட்டியில் உள்ள 'டச் அண்ட் ஹோல்டு டிலே'யை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். ஜிபோர்டுக்குத் தனிக் கணக்கு.

சரியாக அடித்தேன், ஸ்பேஸ் தட்டியதும் மாறிவிட்டது

ஜிபோர்டில் 'டெக்ஸ்ட் கரெக்‌ஷன்' உள்ளே 'ஆட்டோ கரெக்‌ஷன்' அணைத்துவிடுங்கள். மேலே ஓடும் பரிந்துரைப் பட்டை மட்டும் இருக்கட்டும். தமிழுக்கு என் சிபாரிசு இதுதான். ஒரு வினைச்சொல்லுக்கே 'வந்தவர்களிடமிருந்தும்' என்று விகுதிமேல் விகுதி சேரும் மொழி இது; எல்லா வடிவத்தையும் எந்த அகராதியும் வைத்திருக்க முடியாது. தெரியாத வடிவத்தைக் கண்டதும் தெரிந்த ஒன்றாக மாற்றத்தான் பார்க்கும்.

முழுக்க அணைக்க மனமில்லாதவர்கள் 'அன்டூ ஆட்டோ கரெக்ட் ஆன் பேக்ஸ்பேஸ்' என்பதைப் போட்டுக்கொள்ளலாம். மாறிய உடனே ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் நீங்கள் அடித்ததே திரும்பி வரும். ஐபோனில், ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய சொல்லின் அடியில் சற்று நேரம் கோடு தெரியும். அதைத் தொட்டால் பழைய சொல் கிடைக்கும்.

ஒரு தவறான வடிவத்தையே கீபோர்டு கற்றுக்கொண்டு அடிக்கடி நீட்டுகிறதா? ஜிபோர்டில் பரிந்துரையில் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்து, தோன்றும் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிடுங்கள். கற்றதெல்லாம் குழம்பிக் கிடந்தால் பிரைவசி பகுதியில் கற்ற சொற்களை மொத்தமாக அழிக்கலாம், ஆனால் உங்கள் ஊர்ப்பெயர், உறவுப்பெயர் எல்லாம் அதோடு போகும். ஊர்ப்பெயர்களைப் 'பர்சனல் டிக்‌ஷனரி'யில் சேர்த்துவைப்பது நல்லது. ஐபோனில் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' போய் குறுக்குவழியை வெறுமையாக விட்டு, சொல்லை மட்டும் சேர்த்தால் அதை மாற்றாது.

ல, ள, ழ மாறி விழுகிறது

இது விரலைவிட அமைப்பைச் சார்ந்தது. ஆங்கில ஒலியை வைத்து அடிக்கும் 'அஞ்சல்' அமைப்பில் சின்ன எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள. ன, ண இரண்டுக்கும், ர, ற இரண்டுக்கும் இதே ஏற்பாடு. ழ-வுக்கு இசட். தொடுதிரையில் ஷிஃப்ட் தொடுகை தவறினால் 'பள்ளி' 'பல்லி' ஆகிவிடும். குமிழில் பெரிய எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஜிபோர்டின் ஏபிசி அமைப்பில் முழுச் சொல்லையும் அடித்தபின் அது ஊகித்துக் கொடுக்கும். ஸ்பேஸ் தட்டினால் முதல் ஊகம் விழும். 'மனம்', 'மணம்' இரண்டும் ஒரே ஆங்கில எழுத்தில் வருவதால், அதற்கு எது வேண்டும் என்று தெரிய வழியே இல்லை. பட்டையைப் பார்த்துத் தொட வேண்டியதுதான். நிறைய எழுதுபவர் என்றால் தமிழ் எழுத்துள்ள அமைப்புக்கு மாறிவிடுங்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் கிடைக்கும் 'செல்லினம்' என்ற கீபோர்டு செயலியில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. முதல் சில நாள் கை தடுமாறும். சரி, அதற்கு மாற்று மருந்து கிடையாது.

பார்க்கச் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

கண்ணால் பிடிக்க முடியாத பிழை இது, பெயர்களில்தான் அதிகம் வரும். 'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து 'ஒளவை' ஆக்கிவிடுவார்கள். 'கௌரி' என்பதற்குப் பதில் 'கெளரி', அதாவது கெ-வும் ள-வும். எழுத்துருவைப் பொறுத்து வித்தியாசமே தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருந்தால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

சோதிப்பது எளிது. கர்சரை அந்த எழுத்துக்குப் பின்னால் வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ஔ முழுவதும் போனால் சரி. ள மட்டும் போய் ஒ நின்றால் தவறு. 'கௌ'வில் தட்டினால் க மிஞ்ச வேண்டும். கெ மிஞ்சினால் திருப்பி அடியுங்கள். 'கா'வில் காலுக்குப் பதில் ர போட்டிருந்தால் பேக்ஸ்பேஸ் காட்டிக்கொடுக்காது, இரண்டிலும் க-தான் மிஞ்சும். அங்கே கர்சரை நகர்த்திப் பாருங்கள்: உண்மையான கால் என்றால் கர்சர் 'கா'வை ஒரே தாவலில் தாண்டும், ர என்றால் நடுவில் நிற்கும்.

'கொ' போன்ற எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டும் சமம் என்பது, கணினியில் எழுத்துகளைச் சேமிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடின் விதி, ஆனால் எல்லாச் செயலிகளும் அதை மதித்துத் தேடுவதில்லை. 'ஸ்ரீ'யும் அப்படித்தான். ஸ-வை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதலாம், திரையில் ஒரே உருவம். தொடர்புப் பட்டியலில் ஸ்ரீதர் கிடைக்கவில்லை என்றால் 'தர்' என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

எழுத்தோடு புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டு வந்தால், குறி உட்கார மெய் இல்லை என்று பொருள். நடுவில் இடைவெளி விழுந்திருக்கும், அல்லது ஒரே குறி இரண்டு முறை பதிந்திருக்கும்.

திருத்தப் போனால் இன்னும் கெடுகிறது

கொம்பு மாறி 'கோ' விழுந்துவிட்டால் சொல்லையே அழிக்கத் தேவையில்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒரு பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் எடுக்கும், க நிற்கும், அதன் மேல் ஒ தட்டினால் 'கொ'. கர்சரை விரலால் குறி பார்த்து வைப்பது வீண் வேலை. ஜிபோர்டில் ஸ்பேஸ் பாரின் மேல் விரலை இடம் வலமாக நகர்த்துங்கள், ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து நகர்த்துங்கள். ஜிபோர்டில் பேக்ஸ்பேஸிலிருந்து இடப்பக்கம் இழுத்தால் சொல் சொல்லாக அழியும். தெரியாமல் இழுத்து வரியே காணாமல் போகிறவர்கள் கிளைடு டைப்பிங் பகுதியில் 'ஜெஸ்சர் டிலீட்'டை அணைக்கலாம்.

ஒரு செயலியில் மட்டும் தகராறு

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரியாகத்தான் அடித்தேன், ஏற்கவில்லை என்றால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பரிந்துரையைத் தொட்டுச் சொல்லைப் போட்டால் சில இடங்களில் பின்னாலேயே ஸ்பேஸ் விழும். யூபிஐ முகவரியை இப்படிப் போட்டுவிட்டுச் செயலியைத் திட்டுகிறவர்கள் ஏராளம். கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோய் ஒரு பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். எண் கேட்கும் பெட்டியில் தமிழ்க் கீபோர்டு திறந்திருந்தால் சிலவற்றில் எண் விசையை அழுத்திப் பிடிக்கும்போது ௧, ௨ என்று தமிழ் எண் வந்துவிடும். க போலவும் உ போலவும் இருக்கும் அதைப் பெட்டி ஏற்காது. பூகோள உருண்டை விசையைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு எண்ணை அடியுங்கள்.